மாமல்லைப் பாறையும் சமணர் பார்வையும்

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து கல்வியும் பணியும் கருதிப் புறப்பட்டுத் தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த புறநகர்களிலும் நிலைகொண்ட தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களுள் ஒன்று மாமல்லபுரம். மிகுந்த பொருட்செலவு வேண்டாத பயணம் அது. தாம்பரத்தில் 515ஆம் எண் பேருந்தில் ஏறலாம். அல்லது மின்தொடர் வண்டியில் செங்கற்பட்டு சென்று, திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போகலாம். காலையில் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டால், கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொண்டு நோன்பு வழுவாது திரும்பிவிடலாம்.

பேருந்து ஓடாத காலத்தில் சென்னையிலிருந்து அவ்வூருக்குச் சென்றோர் பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்றனர். இரவெல்லாம் படகில் உறங்கி விடியலில் கரையிறங்குவது அவர்கள் வழக்கம். ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ‘ஏழு கோயில்கள்’ என்றனர். இதனைப் பற்றி வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய ஆங்கிலக் கட்டுரை 1788இல் வெளிவந்தது. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இவ்வூர்ச் சின்னங்கள் இடம்பெற்றன.

கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காண நுழைவுச் சீட்டு வேண்டும். ஆயின் இவ்வூரின் தலையாய சிற்பத்தைத் தெருவில் நின்றே கண்ணாரக் காணலாம். ‘அர்ச்சுனன் தபசு’ என வழங்கும் பெரும்பாறைச் சிற்பமே அது. நடுவே இயற்கையான பிளவு. அதனூடே மேல்நோக்கி எழும் நாகர்கள். இருமருங்கும் தேவர், முனிவர், வேடர், யானைகள். ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் புரிகிறான் ஒருவன். கீழே அவனைப் போலவே முன்கால்களைத் தூக்கி நிற்கிறது ஒரு பூனை. அதன் முன் எலிகள்.

இத்தவசி யார்? பாசுபதம் வேண்டிய அர்ச்சுனன் என்பது ஒரு கருத்து. கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு கருத்தும் உண்டு. அதனைச் சமணக் குடும்பங்களுள்ளும் பலர் அறியார். அக்கருத்தை முன்வைத்தவர் மயிலை சீனி. வேங்கடசாமி. 1900இல் பிறந்து 1980இல் மறைந்த இவ்வறிஞர் பிறப்பால் சமணர் அல்லர், பள்ளியாசிரியராய்ப் பணியாற்றியவர். ‘சமணமும் தமிழும்’ என்னும் அவரது நூல் தமிழ்ச் சமணர் பலர் இல்லங்களில் உண்டு. அதற்கு முன்னரே, 1950இல், ‘மகாபலிபுரத்து ஜைன சிற்பம்’ என்னும் நூலில் இப்பாறைச் சிற்பம் அஜிதநாதர் புராணத்தில் வரும் கதையைக் காட்டுவது என்று அவர் வாதிட்டார்.

இரண்டாம் தீர்த்தங்கரராகிய அஜிதநாதர் காலத்தவன் சகர சக்கரவர்த்தி. அவனுடைய புதல்வர் அறுபதினாயிரவர் கயிலையைச் சுற்றி அகழி தோண்டிக் கங்கையை அதில் பாய்ச்சினர். நாகத்தின் சீற்றத்துக்கு ஆளாயினர். பின்னர் அவன் வழித்தோன்றலாகிய பகீரதன் அரசேற்றான். மலையும் ஆறும் நாகரும் இக்கதையில் உள்ளமையால், பாறைப் பிளவைக் காணும் சமணர்க்கு இக்கருத்து எளிதில் உவப்பளிக்கும்.

எனினும் உவப்பு வேறு, சான்று வேறு. தவசியின் அருகே பூதகணங்கள் சூழ நாற்கரத்துடன் வரமருளும் தெய்வம் நிற்கிறது. அதனைச் சிவபெருமான் என்றே பெரும்பாலான ஆய்வாளர் கொள்வர். இடப்புறம் கீழே உள்ள சிறுகோயிலில் திருமாலின் உருவம் உள்ளது. ஐயத்துக்கு இடமின்றித் தீர்த்தங்கரர் எனத்தக்க திருவுருவம் பாறையில் இல்லை. ஆதலின் வேங்கடசாமியின் கருத்து அறிஞருலகில் பெருவழக்குப் பெறவில்லை.

இதனால் சமணர்க்குக் குறைவொன்றும் இல்லை. பல்லவர் நாட்டில் சமணம் சிறந்திருந்தமைக்கு வலுவான சான்றுகள் வேறு உள்ளன. சிம்மவர்மன் காலக் கொடையைக் கூறும் பள்ளன்கோவில் செப்பேடு, பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக்கு ஓர் ஊர் அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. அப்பருத்திக்குன்றத்தில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. மதுராந்தகத்தை அடுத்த ஆனந்தமங்கலத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பொலிகின்றன. உறுதியான உடைமை இவ்வளவு இருக்க, ஐயமானதை உறுதியென்று உரைக்க வேண்டுவதில்லை. ஐயமானதென்று மறந்துவிடவும் வேண்டுவதில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, சென்னைச் சாலையில் ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் உள்ள சாளுவன்குப்பம் என்னும் கடலோரச் சிற்றூர் இதற்கு நல்ல பாடம். புலிக்குகையும், ஒரே வாசகத்தைப் பல்லவ கிரந்தத்திலும் நாகரியிலும் பொறித்த அதிரணசண்டக் குடைவரையும் அங்கு முன்பே அறியப்பட்டவை. 2004 திசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை மணலை அரித்தபின் கல்வெட்டொன்று வெளிப்பட்டது. 2005இல் தொல்லியல் துறை அகழ்ந்தபோது மணலுக்குள் முருகன் கோயிலொன்றின் எச்சங்களும், அவற்றின் அடியில் பழமையான செங்கற் கட்டடமும் காணப்பட்டன. நூற்றாண்டுகளாக மனிதர் நடந்து சென்ற மணல்மேட்டின் கீழ் ஒரு வரலாறு கிடந்தது.

பாறையின் முன் நிற்கும் சிறுவன், “தாத்தா, இவர் யார்?” என்று வினவுவான். பெரியவர் மூன்று கதைகளையும் கூறுதல் வேண்டும். எதற்கு எவ்வளவு சான்று என்பதையும் கூறுதல் வேண்டும். ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்குக என்பதே அநேகாந்தம். அதனைக் குழந்தைக்குக் கற்பிக்கப் பேருந்துக் கட்டணமும் ஒரு பகற்பொழுதும் போதும்.