கூடாரமும் கயாக்கும்: ஒரு குடும்ப விடுமுறையின் வரலாறு

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: “இந்த முறை எங்கே போகலாம்?” விமானச் சீட்டு, ஹோட்டல் அறை, கேளிக்கைப் பூங்கா, கடைத்தொகுதி என்று நான்கு நாள்களில் பத்து இடங்களைச் சுற்றிவிட்டு வீடு திரும்பும்போது, கையில் படங்கள் நிறைய இருக்கும், உடம்பில் அலுப்பும் நிறைய இருக்கும்.

இன்னொரு வகை விடுமுறையும் உண்டு. தீவுக் கரையிலோ ஆற்றோரத்திலோ கூடாரம் அடிப்பது. கயாக் படகில் பிள்ளையை முன்னால் அமர்த்தி மெல்லத் துடுப்பு வலிப்பது. அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவது. விளக்கை அணைத்துவிட்டு அலைச்சத்தம் கேட்டபடி உறங்குவது. சாதாரணமாகத் துடுப்பு வலித்தால் கயாக் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான் போகும். அது மனிதன் நடக்கும் வேகம்.

“இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு”, “காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்குவதா?” என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், முதல் கருத்து சரியல்ல என்பது தெரியும். இரண்டாவது கேள்விக்கும் அங்கே ஒரு விடை இருக்கிறது.

வேட்டைக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று

‘கயாக்’ என்ற சொல் வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களுடையது. மரம் வளராத அந்தப் பனி நிலத்தில், கடல் அடித்துக் கொண்டுவந்து ஒதுக்கும் கட்டைகளையும் எலும்புகளையும் சட்டமாகக் கட்டி, அதன் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திப் படகு செய்தார்கள். ஒரு கயாக், அதை ஓட்டும் ஆடவரின் உடல் அளவுக்கேற்பவே கட்டப்பட்டது. சட்டை தைக்க அளவெடுப்பதைப் போன்றதுதான் இதுவும். அதில் ஒருவர் அமர்ந்து ஓசையின்றி நெருங்கிக் கடல்நாயை வேட்டையாடுவார். பொழுதுபோக்குக்கு அங்கே இடமில்லை. வேட்டை கிடைக்காவிட்டால் வீட்டில் பட்டினி.

அந்த மக்களிடம் இன்னொரு படகும் இருந்தது. அதன் பெயர் ‘உமியாக்’. மேல்மூடி இல்லாத, பெரிய தோல் படகு அது. கிரீன்லாந்தில் அதைப் பெண்களே வலித்தார்கள். ‘பெண்கள் படகு’ என்றே அது அறியப்பட்டது. கோடைக்காலம் வந்ததும் தாய்மார்கள், பிள்ளைகள், முதியவர்கள், நாய்கள், தோல் கூடாரங்கள், சமையல் சாமான்கள் எல்லாம் அதில் ஏறும். குடும்பம் குடும்பமாகக் கோடைகால வேட்டைக் கரைக்குச் செல்வார்கள். அங்கே கூடாரம் அடித்துத் தங்குவார்கள். ஆடவர்கள் கயாக்கில் உடன் செல்வார்கள்.

ஆக, குடும்பத்தோடு படகில் சென்று கூடாரத்தில் தங்கும் வழக்கம் ஐரோப்பியச் செல்வந்தர்கள் கண்டுபிடித்ததல்ல. அவர்களுக்கு வெகு காலம் முன்பே அது ஒரு சமூகத்தின் வாழ்க்கை முறையாக இருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தோலைத் தைத்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் படகு மூழ்கிவிடும். எனவே ஊசி இரண்டு தோலையும் முழுதாகத் துளைத்துவிடாதபடி, விலங்கின் தசைநாரை நூலாக்கிப் பெண்கள் தைத்தார்கள். வேட்டைக்காரரின் வீரம் பற்றிப் பேசுகிறவர்கள் பலர். அவருடைய உயிர் அந்தத் தையலில்தான் இருந்தது.

நம் கரைகளிலும் உண்டு

இனி நம் பக்கம் வருவோம். ஜொகூர் நீரிணையின் சதுப்புநிலக் காடுகளில் ஓராங் செலேத்தார் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே குடும்பம் நடத்தினார்கள். படகின் மேல் ‘காஜாங்’ எனப்படும் ஓலைக்கூரை இருக்கும். அடுப்பு, உறக்கம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் அதன் கீழேதான். அந்தக் காஜாங்கும் ஓலைகளைத் தைத்துச் செய்வதுதான். காலப்போக்கில் அவர்கள் கரையேறினார்கள். இன்று ஜொகூர் கடற்கரைக் கிராமங்களில் வாழ்கிறார்கள்.

தமிழகக் கரையும் இதற்கு விலக்கல்ல. கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலம் வரை சென்றிருப்பதைப் பலர் அறிவர். அதிகம் பேசப்படாதது ‘மசூலா’ படகு. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கடலில் நின்ற கப்பலுக்கும் கரைக்கும் இடையே, சீறும் அலைகளைக் கடந்து பயணிகளை ஏற்றிச் சென்றது அந்தப் படகு. அதன் பலகைகள் ஆணி அடித்துச் சேர்க்கப்பட்டவை அல்ல, கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை அடிக்கும்போது வளைந்து கொடுக்க அந்தத் தையல் உதவியது.

ஒரு வழக்கறிஞரும் இரு தையற்காரர்களும்

இந்த வாழ்க்கை முறை விடுமுறையாக மாறியது எப்போது? 1865-இல் ஜான் மெக்ரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தொழிலால் வழக்கறிஞர், ‘ராப் ராய்’ என்ற சிறு படகை வடிவமைத்துக் கட்டச் செய்தார். கருவாலி மரத்தாலான உடல், தேவதாரு வகை மரத்தாலான மேல்தளம், 15 அடி நீளம், 80 பவுண்டு எடை, இருபுறமும் அலகுள்ள துடுப்பு. கயாக்கின் சாயல் அதில் இருந்தது. அதில் அவர் ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் தனியாகப் பயணம் செய்தார். 1866-இல் அவர் வெளியிட்ட பயண நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே ஆண்டு இங்கிலாந்தில் படகுச் சங்கமும் தோன்றியது.

ஆயினும் அது வசதி படைத்த ஆடவர்களின் உலகம். ஏனென்றால் எடை ஒரு தடை. 80 பவுண்டு என்றால் ஏறக்குறைய 36 கிலோ. அக்காலத்துக் கூடாரங்களோ இராணுவத்துக்காகச் செய்யப்பட்டவை. தூக்கிச் செல்ல ஆளும் வண்டியும் வேண்டும்.

இந்தத் தடையை உடைத்தவர்கள் இரண்டு தையற்காரர்கள்.

முதலாமவர் லண்டனைச் சேர்ந்த தாமஸ் ஹைராம் ஹோல்டிங். சிறுவனாக இருந்தபோதே, 1853-இல், பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை வண்டித் தொடரில் கடந்தவர். வழியெங்கும் கூடாரத்தில் உறங்கிய அந்த அனுபவம் அவரை விட்டுப் போகவில்லை. வளர்ந்தபின் 1877-இல் ஸ்காட்லாந்தில் படகில் பயணம் செய்து கரையோரங்களில் தங்கினார். பிறகு, மிதிவண்டியில் ஏற்றிச் செல்லும் அளவுக்கு இலேசான கூடாரங்களைத் தம் தொழில் அறிவைக்கொண்டு உருவாக்கினார். 1901-இல் அவர் தொடங்கிய சங்கம் இன்றும் பிரிட்டனில் வேறு பெயரில் இயங்குகிறது. 1908-இல் அவர் எழுதிய முகாம் கையேடு, இத்துறையின் முன்னோடி நூலாகக் கருதப்படுகிறது.

இரண்டாமவர் ஜெர்மனியின் ரோசன்ஹைம் நகரைச் சேர்ந்த யோஹான் கிளெப்பர். 1905-இல் ஆல்ஃபிரட் ஹொய்ரிஷ் என்ற கட்டடக்கலை மாணவர், மரச்சட்டத்தின் மேல் துணியைப் போர்த்தி மடித்து வைக்கக்கூடிய கயாக்கைச் செய்து, ஈசார் ஆற்றில் மியூனிக் வரை ஓட்டினார். 1907-இல் அதைத் தயாரிக்கும் உரிமையை கிளெப்பர் வாங்கினார். தோலுக்குப் பதில் நீர் புகாத துணி. எலும்புக்குப் பதில் கழற்றி மாட்டும் மரச்சட்டம். இனுயிட் பெண்களின் கைவேலை தொழிற்சாலைக்கு வந்தது என்றே சொல்லலாம்.

இதன் பயன் என்ன? படகைப் பையில் கட்டி ரயிலில் ஏற்றலாம். படகுக் கொட்டகை வேண்டாம், சங்க உறுப்பியமும் வேண்டாம். அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஊழியரும் வார இறுதியில் ஆற்றுக்குப் போகலாம். எடை குறைந்தபோதுதான் குடும்பம் உள்ளே வந்தது.

நேரம் யார் கொடுத்தது?

கூடாரமும் படகும் இருந்தால் மட்டும் போதுமா? ஓய்வு நாள் வேண்டாமா? நாள் சம்பளத்தில் வேலை செய்பவருக்கு விடுமுறை என்பது பட்டினி நாள்.

1936-இல் பிரான்ஸ் தன் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுப்பு வழங்கச் சட்டம் செய்தது. அந்தக் கோடையில் கூடாரத்தோடும் மிதிவண்டியோடும் புறப்பட்ட தொழிலாளர் குடும்பங்களில், கடலை முதன்முதலாகப் பார்த்தவர்கள் பலர். 1938-இல் பிரிட்டனும் ஊதிய விடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

நம் வட்டாரத்தில் மலேசியாவின் 1955 வேலைச் சட்டமும் சிங்கப்பூரின் 1968 வேலை நியமனச் சட்டமும் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பை ஊழியரின் உரிமையாக எழுதி வைத்தன. அரசாங்க ஊழியர்களுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்ற முறை சிங்கப்பூரில் 2004-இலும் மலேசியாவில் 2005-இலும் வந்தது. சனி, ஞாயிறு இரண்டும் சேர்ந்து கிடைத்தால்தானே ஓர் இரவு கூடாரத்தில் தங்க முடியும்? தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற நேரத்தில்தான் இந்த விடுமுறை பிறந்தது.

போர் முகம்

அமைதிக்கு உதவிய அதே படகைப் போரும் பயன்படுத்திக்கொண்டது. 1943 செப்டம்பர் 26 இரவு, ஜப்பானியர் வசமிருந்த சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் மூன்று மடிப்புக் கயாக்குகளில் ஆறு வீரர்கள் நுழைந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ‘கிராயிட்’ என்ற மீன்பிடிப் படகில் வந்தவர்கள் அவர்கள். நங்கூரமிட்டிருந்த கப்பல்களில் வெடிகளைப் பொருத்திவிட்டுச் சத்தமின்றி மறைந்தார்கள். ‘ஆப்பரேஷன் ஜேவிக்’ என்று பெயர் பெற்ற அந்தத் தாக்குதலின் விலையைக் கொடுத்தவர்கள் சிங்கப்பூர்வாசிகள். உள்ளூர்க்காரர்களே காரணம் என்று சந்தேகித்த ஜப்பானிய இராணுவக் காவல்படை, அக்டோபர் 10 முதல் 57 பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. 15 பேர் காவலில் மாண்டார்கள். இன்று நாம் பிள்ளைகளோடு துடுப்பு வலிக்கும் நீர்ப்பரப்புக்கு இப்படியும் ஒரு நினைவு உண்டு.

போருக்குப் பிறகும் இங்கே கயாக் பயிற்சிக் கருவியாகத்தான் அறிமுகமானது. 1967-இல், தற்காப்பு அமைச்சராக இருந்த டாக்டர் கோ கெங் சுவீயின் முயற்சியில் புலாவ் உபினில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி தொடங்கியது. உடல் உறுதியும் மன உறுதியும் மிக்க இளையரை உருவாக்குவதே அதன் நோக்கம். கடுமை, சோதனை, சாதனை ஆகியவையே அன்றைய சொற்கள். ‘மெதுவாக’ என்ற சொல் பிறகுதான் வந்தது. 1950களில் கண்ணாடியிழைப் படகும் 1970களில் பிளாஸ்டிக் படகும் வந்தன. அவை எளிதில் உடையாதவை. வாடகைக்கு விடத் தோதானவை. அதன் பிறகே அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து ஏறினார்கள்.

மெதுவாகப் பார்த்தவர்கள் காத்த கரை

புலாவ் உபினின் கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற கடற்கரை இருக்கிறது. நீர் வற்றும் வேளையில் மட்டும் தன் செல்வத்தைக் காட்டும் இடம் அது. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் திட்டு, பவளச் சிதறல், சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு என்று ஆறு வகை வாழிடங்கள் சுமார் 100 ஹெக்டர் பரப்பில் கூடுகின்றன. அந்தக் கரையைத் தூர்த்து நிலமாக்கும் பணி 2001 இறுதியில் தொடங்குவதாக இருந்தது.

இயற்கை ஆர்வலர்கள் அதைக் கண்டு வியந்து, வெளியே சொன்னார்கள். மறையப்போகும் கரையைக் கடைசியாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கான மக்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பிள்ளைகள் குனிந்து நட்சத்திர மீனைப் பார்த்தார்கள். கருத்துகளும் கடிதங்களும் அரசாங்கத்துக்குச் சென்றன. அறிவியலாளர்கள் ஆய்வு விவரங்களைக் கொடுத்தார்கள். 2001 டிசம்பரில் நிலமீட்புத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2007-இல், கரையை மிதிக்காமல் பார்க்க ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான நடைபாலம் திறக்கப்பட்டது.

அதே காலகட்டத்தில் ஜொகூரில் பெய்த பெருமழையின் வெள்ளநீர் நீரிணையில் கலந்து, கடலின் உப்புத்தன்மை குறைந்து, செக் ஜாவாவின் உயிரினங்கள் ஏராளமாக மடிந்தன. பின்னர் மெல்ல மெல்லத் திரும்பின. மனிதர் ஒத்திவைத்தாலும் இயற்கைக்கு முழுப் பாதுகாப்பு என்று ஒன்றில்லை என்பதற்கு இது சான்று.

‘காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்குவதா?’ என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வேகமாகக் கடந்து போகிறவரின் கண்ணில் செக் ஜாவா வெறும் சேறு. நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது உயிருள்ள கரையாகத் தெரிந்தது. தெரிந்ததால்தான் காக்கத் தோன்றியது. கொசுக்கடியும் உப்புக் காற்றும் அந்தப் பார்வைக்குக் கொடுக்கும் சிறு விலை.

வாசகர்களே! இந்த விடுமுறைக்குத் தேவையான இலேசான கூடாரத்தை ஒரு தையற்காரர் கொடுத்தார். மடிப்புப் படகை இன்னொருவர் கொடுத்தார். நேரத்தைத் தொழிலாளர் சட்டங்கள் கொடுத்தன. கரையை, அதை நேசித்த சாதாரண மக்கள் காத்துக் கொடுத்தார்கள். மீதி இருப்பது நாம் கொடுக்க வேண்டியது: துணைப்பாட வகுப்புக்கும் கைப்பேசிக்கும் இடையில் ஓர் இரவு, இரண்டு பகல். சாங்கி முனையில் உபினுக்குச் செல்லும் பம்போட் படகு, பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்துதான் புறப்படும். அந்தக் காத்திருப்பிலிருந்தே பிள்ளைகளுக்குப் பாடத்தைத் தொடங்கலாம்.