பிளேசர் ஒளிப்பெருக்கு: அலைநீளங்களின் உறவு

பிளேசர் என்பது பூமியை நேருக்கு நேர் நோக்கித் தாரை பீய்ச்சும் ஒரு விண்மீன் திரளின் மையம். அங்குள்ள பெருங்கருந்துளையருகே பிறந்து கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பாயும் அந்தத் தாரை, சில நாட்களில், சில வேளை சில நிமிடங்களிலேயே, பல மடங்கு ஒளிர்ந்து அடங்கும். ரேடியோ முதல் காமா வரை எல்லா அலைநீளங்களும் சேர்ந்தே பெருகுகின்றனவா, ஒன்றை ஒன்று தொடர்கின்றனவா என்பதே இத்துறையின் மையக் கேள்வி.

1929ல் குனோ ஹோஃப்மைஸ்டர் கண்ட பி.எல். லாசெர்ட்டே என்ற பிளேசர், முதலில் மாறொளி விண்மீன் என்றே பதிவானது. 1968ல் ஜான் ஷ்மிட் அதை ஒரு ரேடியோ மூலத்தோடு பொருத்திக் காட்டினார். 1991ல் காம்ப்டன் காமாக் கதிர்ச் செயற்கைக்கோள் 3சி 279 என்ற பிளேசரின் காமாப் பெருக்கைப் பதிவு செய்தது.

தாரையின் காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலை, கட்புல ஒளி, எக்ஸ் கதிர் ஆகியவற்றை உமிழ்கின்றன. அதே எலக்ட்ரான்கள் எதிர்ப்படும் ஒளித்துகள்களோடு மோதி, அவற்றைக் காமாக் கதிராக உயர்த்துகின்றன. மூலம் ஒன்றே என்பதால் இரண்டும் சேர்ந்து ஏறவேண்டும். தாரையின் அடிப்பகுதி ரேடியோ அலையை வெளியே விடாததால், ரேடியோ மட்டும் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ பிந்தி வரும்.

2010 பிப்ரவரியில் இப்படிச் சேர்ந்து ஏறுவதற்கு நல்ல சான்று கிடைத்தது. சுமார் 40 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள மார்க்காரியன் 421 என்ற பிளேசர் பொங்கியபோது, லடாக்கின் ஹான்லேயில் ஏழு தொலைநோக்கிகள் கொண்ட ஹாகர் காமா ஆய்வகம் அதைப் பின்தொடர்ந்தது. எக்ஸ் கதிரும் காமாவும் இணைந்தே ஏறியிருந்தன.

ஆனால் எல்லாப் பெருக்கும் அப்படியல்ல. 2002 ஜூனில் 1இஎஸ் 1959+650 என்ற பிளேசர் காமாவில் மட்டும் வெடித்தது; எக்ஸ் கதிரில் அதற்கு இணையே இல்லை. 3சி 454.3 என்ற பிளேசரின் 2008 முதல் 2017 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த பூமிகா ராஜ்புத், சி.எஸ். ஸ்டாலின் குழு இன்னும் விசித்திரமானதைக் கண்டது. சில காலங்களில் கட்புல ஒளியும் காமாவும் ஒத்துப்போயின. வேறு சில காலங்களில் கட்புல ஒளி பெருகியும் காமா மங்கலாகவே இருந்தது. ஒரே பிளேசர், இரு வகை நடத்தை! காந்தப்புலத்தின் வலிமையும் தாரையின் வேகமும் ஒளி பிறக்கும் இடமும் மாறுவதை இந்தப் பொருத்தமின்மைதான் காட்டிக்கொடுக்கிறது. அதனால் ஒத்துப்போகாத பெருக்குகளே ஆய்வுக்குக் கூடுதல் மதிப்புள்ளவை.

அவற்றைப் பிடிக்க, எல்லா அலைநீளங்களையும் பார்க்கும் கண்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்கவேண்டும். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுகளில் ஒன்று, 2015 செப்டம்பர் 28 அன்று அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒருங்கே பார்ப்பது அதன் தனிச்சிறப்பு. வாணியம்பாடி, ஆலங்காயம் வழியே போனால் வரும் காவலூரில், 1.3 மீட்டர் ஜே.சி. பட்டாச்சார்யா தொலைநோக்கி பிளேசர்களின் கட்புல ஒளியை அளக்கிறது. 2024 அக்டோபரில் ஹான்லேயில் திறக்கப்பட்ட, 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி காமாப் பக்கத்தைக் கவனிக்கிறது.