லாக்குயிலாவில் ஒரு செவ்வி

செய்தியாளர் கேட்கும் கேள்விக்குள்ளேயே விடையும் ஒளிந்திருப்பதுண்டு. எமது தொழிலின் பழைய உத்தி அது. அந்த விடைக்குத் தலையசைத்துவிட்டு எழுந்து செல்லும் நிபுணர், தாம் ஆய்ந்தறியாததையும் சொன்னவராகிவிடுகிறார். அதன் விலை எவ்வளவு என்பதை இத்தாலியின் லாக்குயிலா நகரம் 2009ஆம் ஆண்டில் அறிந்துகொண்டது.

1703ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அழிந்து மீண்டெழுந்த நகரம் அது. 2009இன் தொடக்கத்திலிருந்து அங்கு சிறு நில அதிர்வுகள் ஓயாது தொடர்ந்தன. ரேடன் வாயுவை அளந்து பூகம்பத்தை முன்கூட்டியே அறியலாமெனக் கூறிவந்த தொழில்நுட்பவியலாளர் ஒருவரின் எச்சரிக்கைகள் மக்களின் அச்சத்தை மேலும் வளர்த்தன. இந்நிலையில், பேராபத்துகள் குறித்து அரசுக்கு ஆலோசனை கூறும் விஞ்ஞானிகளின் ஆணைக்குழு மார்ச் 31ஆம் திகதி அங்கு கூடியது.

கூட்டத்துக்கு முன்னரே, சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் துணைத் தலைவர் பெர்னார்டோ டி பெர்னார்டினிஸ் தொலைக்காட்சிக்குச் செவ்வி வழங்கினார். அவர் நீரியல் துறை சார்ந்தவர், பூகம்பவியலாளர் அல்லர். சிறு அதிர்வுகளால் சக்தி தொடர்ந்து வெளியேறுவதால் நிலைமை சாதகமானதென விஞ்ஞானிகள் தமக்கு உறுதிகூறுவதாக அவர் சொன்னார். அப்படியானால் ஒரு கிண்ணம் வைன் அருந்தலாமா என்று செய்தியாளர் கேட்டார். அவர் ஆமோதித்ததுடன், அருந்தவேண்டிய வைனின் பெயரையும் சொன்னார்.

அவர் கூறிய காரணம் விஞ்ஞானமன்று. பூகம்பத்தின் அளவு ஓர் எண் கூடினால் அதன் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகும். 6 அளவிலான ஒரு பூகம்பத்தின் சக்தி வெளியேற 4 அளவிலான அதிர்வுகள் ஏறத்தாழ ஆயிரம் வேண்டும். பின்னர் நடந்த கூட்டத்தில் பூகம்பவியலாளர் என்சோ பொஸ்கி, 1703இல் நிகழ்ந்தது போன்ற பூகம்பம் விரைவில் நிகழும் சாத்தியம் குறைவு, ஆயினும் அதை முற்றாக மறுக்க முடியாது என்ற கருத்தையே தெரிவித்தார். அந்த 'ஆயினும்' மக்களைச் சென்றடையவில்லை. வைன் சென்றடைந்தது.

ஏப்ரல் 6ஆம் திகதி அதிகாலை 3.32க்கு 6.3 அளவிலான பூகம்பம் நகரைத் தாக்கியது. 309 பேர் மாண்டனர். நிலம் அதிர்ந்தால் வெளியேறி வெட்டவெளியில் இரவைக் கழிப்பது அவ்வூரில் பலரது வழக்கம். அதற்குச் சில மணிநேரம் முன்பும் நிலம் அதிர்ந்தது. எனினும், அளிக்கப்பட்ட உறுதிமொழியை நம்பி வீட்டுக்குள்ளேயே தங்கி மாண்டவர்கள் உண்டென உறவினர்கள் நீதிமன்றில் சாட்சியமளித்தனர்.

2012 ஒக்டோபரில் எழுவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பூகம்பத்தை முன்னறிவிக்காமைக்குத் தண்டனையா என உலகெங்கும் விஞ்ஞானிகள் கொதித்தனர். ஆனால், ஆபத்தை மதிப்பிட்ட விதமும் மக்களுக்கு அளித்த பொய்யான ஆறுதலுமே வழக்கின் மையம். 2014இல் மேன்முறையீட்டில் அறுவர் விடுவிக்கப்பட்டனர். டி பெர்னார்டினிஸின் தண்டனை இரண்டாண்டுகளாகக் குறைக்கப்பட்டது. 2015இல் இத்தாலியின் அதியுயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

விஞ்ஞானிகள் எம்மைக் கண்டு ஒதுங்கவேண்டும் என்பதல்ல இதன் பாடம். செவ்விக்கு அமருமுன் சொல்லவேண்டியது எதுவென அவர்கள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பிற துறைக் கேள்வியை அத்துறையினரிடம் விடவேண்டும். உறுதியற்றதை உறுதியற்றது என்றே சொல்லவேண்டும். மக்கள் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லாமல் எழக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி கேட்பவரின் சொற்களைத் தமது வாயில் ஏற்கக்கூடாது.

அந்த வைன் கேள்வியைக் கேட்டவர் எம் தொழிலைச் சேர்ந்தவர். தண்டனை பெற்றோர் பட்டியலில் அவர் இல்லை. அதற்காக எமக்கு அதில் பங்கில்லை என்று நான் எழுதமாட்டேன்.