தோளில் ஏறிய கம்பளி

பேராயர் திருப்பலி நிறைவேற்றும்போது பூசை உடைக்கு மேல் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பாலியம். ஆறு கறுப்புச் சிலுவைகள் வைத்துத் தைத்த வெறும் ஆட்டுக் கம்பளி. அதற்காக மன்னர்களே மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

ரோமர்கள் இந்தப் பெயரால் அழைத்தது கிரேக்கத் தத்துவ அறிஞர்களின் போர்வையை. கார்த்தேஜ் நகரின் தெர்த்துல்லியன் ரோமானியத் தோகாவைக் கழற்றிவிட்டு அதைப் போர்த்திக்கொண்டார். ஊர் சிரித்ததும் போர்வைக்காக ஒரு நூலே எழுதினார்.

அதே பெயர் கொண்ட திருச்சபைப் பட்டையை 513-இல் திருத்தந்தை சிம்மாக்கஸ், ஆர்ல் நகர ஆயர் செசாரியஸுக்கு வழங்கினார். 601-இல் திருத்தந்தை பெரிய கிரகோரி அனுப்பியது கடல் தாண்டி இங்கிலாந்தின் அகுஸ்தீனாரை அடைந்தது. கூடவே, அங்கே ஆயர்களைத் திருப்பொழிவு செய்யும் உரிமையும் போனது.

மதிப்பு ஏறியதும் செலவும் ஏறியது. 1027-இல் ரோம் சென்ற இங்கிலாந்து மன்னர் கனூட், பாலியம் கேட்டு வரும் தம் பேராயர்களிடம் பெருந்தொகை பிடுங்கப்படுவதாகத் திருத்தந்தையிடமே முறையிட்டார். இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பேராயரான ஸ்டிகண்ட், துரத்தப்பட்ட முன்னவர் விட்டுச்சென்ற பாலியத்தை எடுத்து அணிந்துகொண்டார். பிறகு எதிர்த்திருத்தந்தை ஒருவரிடம் புதிதாகப் பெற்றார். 1070-இல் பதவி பறிபோனது. 1095-இல் அதே பீடத்தில் இருந்த ஆன்செல்ம், மன்னர் கையால் வாங்க மறுத்தார். பாலியத்தைப் பலிபீடத்தில் வைத்தார்கள்; அங்கிருந்து எடுத்துக்கொண்டார். இந்தக் கதையிலேயே என்னை மிகவும் கவர்ந்தவர் அவர்தான். ரோமோடுள்ள ஒன்றிப்பின் அடையாளத்தை அரசனின் பரிசாக்க அவர் விடவில்லை.

எட்டாம் ஹென்றி 1534-இல் ரோமோடு உறவை முறித்தார். கேன்டர்பரி பேராயரின் சின்னத்திலோ பாலியம் இன்றுவரை இருக்கிறது!

புனித ஆக்னஸ் திருநாளான ஜனவரி 21-இல் பாலியத்துக்குக் கம்பளி தரும் இரண்டு ஆட்டுக்குட்டிகளுக்குப் பூச்சூட்டி மந்திரிப்பார்கள். ஒன்றுக்குக் கன்னிமையின் வெள்ளை, மற்றதற்கு மறைசாட்சியத்தின் சிவப்பு. நெய்வது ரோமின் புனித செசிலியா மடத்துக் கன்னியர். நெய்த பாலியங்கள் பேதுருவின் கல்லறையருகே வைக்கப்பட்டு, ஜூன் 29-இல் வழங்கப்படுகின்றன. திருத்தந்தையே அணிவித்து வந்ததை, தலத்திருச்சபை மக்களின் முன்னிலையிலேயே அணிவிக்கட்டும் என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றினார். 2025-இல் திருத்தந்தை பதினான்காம் லியோ மீண்டும் தம் கையாலேயே அணிவித்தார்.

பேராயர் இதைத் தம் மறைமாநிலத்துக்குள் மட்டுமே அணியலாம். வேறு பீடத்துக்கு மாறினால் புதிதாகப் பெற வேண்டும். அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. இறந்தால் அவரோடு அடக்கம் செய்துவிடுவார்கள்.