வீட்பேட்ச் முகாம்: கூடாரங்களில் ஓர் ஊராட்சி

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது, துன்பத்தில் விழுந்து எழுந்த எளிய அமெரிக்கர்களின் நாவல்களைப் பற்றி. நான் எழுதி அனுப்புவதோ ஒரு முகாமின் வரலாறு. விழா மலர்களில் கல்லூரிக்கும் கோயிலுக்கும் கூட்டுறவு வங்கிக்கும் வரலாறு எழுதுவோம். கூடாரங்களின் வரிசைக்கு யாரும் எழுதுவதில்லை. ஆனால் அந்த வகை நாவல்களில் முதலில் சொல்லப்படும் ஒன்றும், 65 ஆண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்த இன்னொன்றும் இந்த முகாமுக்கும் இதை ஒத்த முகாம்களுக்கும் கடன்பட்டவை. முகாமைத் தெரிந்துகொண்டால் நாவல்கள் வேறு மாதிரித் தெரியும்.

கலிபோர்னியாவில், சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் தென்கோடியில் கெர்ன் கவுண்டி இருக்கிறது. பேக்கர்ஸ்ஃபீல்ட் நகருக்குத் தென்கிழக்கே, லமான்ட், ஆர்வின் என்ற சிற்றூர்களின் பக்கம் பருத்தியும் திராட்சையும் உருளைக்கிழங்கும் விளையும் நிலம். 1930களில் ஓக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சா, மிசௌரி மாநிலங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே வந்து இறங்கினார்கள். வறட்சியும் புழுதிப் புயலும் ஒரு காரணம். பருத்தி விலை விழுந்ததும், டிராக்டர் வந்து குத்தகைக் குடிகளை வெளியேற்றியதும் அதற்குச் சற்றும் குறையாத காரணங்கள். அந்தப் பத்தாண்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலிபோர்னியாவுக்கு வந்ததாகச் சொல்வார்கள். வாய்க்கால் கரையில் அட்டையும் கோணியும் தகரமும் வைத்துக் குடிசை கட்டிக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களை ‘ஓக்கி’ என்று ஏசினார்கள்.

பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியலாளர் பால் டெய்லரும் புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங்கும் இந்தக் குடிசைகளைப் பார்த்து, அரசே சுகாதாரமான முகாம்களை அமைக்க வேண்டும் என்று படங்களோடு அறிக்கை கொடுத்தார்கள். கலிபோர்னியாவின் முதல் முகாம் 1935இல் வடக்கே மேரிஸ்வில்லில் தொடங்கியது. அடுத்தது ஆர்வின் முகாம். பக்கத்திலிருந்த வீட்பேட்ச் என்ற குக்கிராமத்தின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. மறுகுடியமர்வு நிர்வாகம் என்ற மத்திய அரசு அமைப்பு கட்டியது. 1937இல் அது பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகமாக மாறியது.

கட்டியது அரசு என்றாலும் நடத்தியது குடியிருந்தவர்கள்தான். முகாமின் சிறப்பு என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். முதல் மேலாளர் டாம் காலின்ஸ் அதில் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு பகுதியும் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் கூடிய மையக்குழு சட்டதிட்டங்களை வகுத்தது. பெண்கள் குழு குளியலறை, கழிப்பறைச் சுத்தத்தையும் புதிதாக வந்த குடும்பங்களையும் கவனித்தது. வாடகை நாளொன்றுக்கு 10 சென்ட். காசில்லாதவர்கள் முகாமில் உழைத்துக் கழிக்கலாம். சனிக்கிழமை இரவில் நடனம். பிடியாணை இல்லாமல் செரீஃப்பின் ஆட்கள் உள்ளே வர முடியாது. வெளியே சாலையோரத்தில் கிடந்தவர்களை அதே ஆட்கள் நினைத்த நேரத்தில் விரட்டிக்கொண்டிருந்த காலம் அது.

காலின்ஸுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எத்தனை குடும்பம், எந்த ஊர், என்ன வேலை, என்ன கூலி, என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு என்ன நோய், என்ன பாட்டுப் பாடினார்கள், எப்படிப் பேசினார்கள் என்று மேலதிகாரிகளுக்குத் தவறாமல் அறிக்கை எழுதுவார். மேலதிகாரி கேட்டதைவிட நிறையவே எழுதினார். நம் அலுவலகங்களில் இப்படி ஒருவர் இருந்தால் ‘வேலையில்லாமல் எழுதுகிறார்’ என்பார்கள். அந்தக் காகிதக் கட்டுதான் ஜான் ஸ்டைன்பெக்கின் கைக்குப் போனது.

1936 கோடையின் முடிவில் ‘சான் பிரான்சிஸ்கோ நியூஸ்’ நாளிதழுக்காக ஸ்டைன்பெக் பழைய ரொட்டி வண்டி ஒன்றில் இங்கே வந்தார். காலின்ஸ் அவரை அழைத்துக்கொண்டு முகாமையும் வாய்க்கால் கரைக் குடிசைகளையும் காட்டினார், அறிக்கைகளையும் கொடுத்தார். அந்த அக்டோபரில் ஏழு கட்டுரைகள் வெளிவந்தன. 1938 தொடக்கத்தில் விசேலியா பகுதியில் வெள்ளம் சூழ்ந்து தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோதும் இருவரும் சேர்ந்து போனார்கள். அந்த ஆண்டே ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ எழுதப்பட்டு, 1939 ஏப்ரலில் வெளிவந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. நூல் காணிக்கையாக்கப்பட்ட இருவரில் ஒருவர் ஸ்டைன்பெக்கின் மனைவி கேரல், மற்றவர் டாம் காலின்ஸ். ஜான் ஃபோர்டின் இயக்கத்தில் 1940இல் வெளிவந்த திரைப்படத்துக்கும் காலின்ஸே ஆலோசகர். சில காட்சிகள் இந்த முகாமிலேயே படமாக்கப்பட்டன.

நாவலைப் படித்தவர்களைக் கேட்டால் அதன் கடைசிக் காட்சியைத்தான் சொல்வார்கள். எனக்கோ 22ஆம் அத்தியாயம்தான் நாவலின் உயிர். கதையின் மையமான ஜோடு குடும்பம் முகாமுக்குள் நுழைகிறது. சிறுவர்கள் ரூத்தியும் வின்ஃபீல்டும் கழிப்பறையைப் பார்த்ததே இல்லை. தண்ணீர் பீறிட்டு வரும் சத்தத்தைக் கேட்டு, உடைத்துவிட்டோம் என்று அஞ்சி ஓடுகிறார்கள். மேலாளர் வந்து தாயோடு உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் வழிநெடுக மனிதராகவே மதிக்கப்படாத அந்தப் பெண் அதன்பின் தன்னை மறுபடி ஒரு மனுஷியாக உணர்கிறாள். பெண்கள் குழுவினர் பார்க்க வருகிறார்கள் என்றதும் தலை வாரிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. துன்பத்திலிருந்து மீள்வதைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் மனவுறுதியையே பாடும். ஜோடு குடும்பத்துக்கு மனவுறுதி முன்பே வேண்டிய அளவு இருந்தது. இல்லாதிருந்தது வெந்நீரும், தன்னைக் கேட்டுச் சட்டம் போடும் ஒரு குழுவும். நடனத்தன்று கலவரம் மூட்டவந்த கூலிக் கையாட்களை, ஓர் அடிதடி இல்லாமல் குழுவினர் வெளியே கொண்டுபோய் விடும் இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ஸ்டைன்பெக் அங்கேயே கதையை முடிக்கவில்லை. அதுதான் அவருடைய நேர்மை. ஒரு மாதத்தில் அந்தக் குடும்பம் முகாமை விட்டுக் கிளம்புகிறது. சுற்றுவட்டாரத்தில் வேலை இல்லை, மாவு தீர்ந்துகொண்டிருக்கிறது. முகாமால் மரியாதை தர முடிந்தது, கூலி தர முடியவில்லை. தோட்ட முதலாளிகள் கையில் இருந்த அந்தக் கூலியைப் பற்றி எழுதியதால்தான் கெர்ன் கவுண்டியில் புத்தகத்தின் மேல் கோபம் மூண்டது. 1939 ஆகஸ்டில் கவுண்டியின் ஆட்சிக்குழு நான்குக்கு ஒன்று என்ற வாக்கில், பொது நூலகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் நாவலை நீக்கியது. கவுண்டி நூலகர் கிரெட்சன் நீஃப் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார், பயனில்லை. தடை 1941 ஜனவரிவரை நீடித்தது. முகாம் இருந்த கவுண்டியின் நூலகத்திலேயே முகாமின் கதை கிடைக்கவில்லை.

இன்னொரு நாவலின் கதை இதைவிடக் கசப்பானது. சனோரா பாப் ஓக்லஹோமாவில் 1907இல் பிறந்தவர். புல்வெளிப் பண்ணை வாழ்வின் வறுமையைச் சிறுவயதிலேயே அனுபவித்தவர். 1938இல் காலின்ஸுடன் முகாம்களில் தன்னார்வலராக வேலை செய்து, விரிவாகக் குறிப்புகள் எடுத்தார். அந்தக் குறிப்புகளும் காலின்ஸ் வழியாக ஸ்டைன்பெக்குக்குப் போயின. பாப் தம் நாவலின் அத்தியாயங்களை ராண்டம் ஹவுஸுக்கு அனுப்ப, அதன் பதிப்பாளர் பென்னட் செர்ஃபுக்குப் பிடித்துப்போனது. அதற்குள் ‘கிரேப்ஸ்’ வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றது. ஒரே பொருளில் இரண்டாவது நாவலைச் சந்தை தாங்காது என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். 2004இல்தான் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பதிப்பகம் ‘ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்னோன்’ என்று அதை வெளியிட்டது. மறு ஆண்டின் கடைசி நாளில் பாப் காலமானார்; வயது 98.

ஒப்பிட்டுப் படித்தால் சில இடங்களில் பாப்பின் கை ஓங்குகிறது. ஜோடு குடும்பம் கிளம்பும் சல்லிசா, ஓக்லஹோமாவின் கிழக்கோரம். புழுதிப் புயலின் மையம் அங்கிருந்து வெகுதூரம் மேற்கே. பாப்பின் டன் குடும்பம் அந்த மேற்குக் கோடியிலேயே வாழ்கிறது. நாவலின் பாதி அங்கேதான் நடக்கிறது. நாள்தோறும் புழுதியை எழுதிவைக்கும் பெண்ணின் குறிப்புகள் அதில் வருகின்றன. ஸ்டைன்பெக்கின் தாய் காவியத் தாய். பாப்பின் ஜூலியா களைப்படைகிற, கணக்குப் பார்க்கிற, அக்கம்பக்கத்தில் பேசிச் சிரிக்கிற பெண். எனக்கு ஜூலியாவைத்தான் பக்கத்து வீட்டில் பார்த்ததுபோல் இருக்கிறது.

இரண்டு நாவலிலும் வராத ஒரு பகுதியைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவாகாது. முகாம் பிள்ளைகளை ஊர்ப் பள்ளிகளில் கேலி செய்தார்கள். சேர்க்கவே கூடாது என்றும் பலர் சொன்னார்கள். கவுண்டியின் கல்விக் கண்காணிப்பாளராகத் தேர்வான லியோ ஹார்ட், முகாமை ஒட்டிய நிலத்தில் அந்தப் பிள்ளைகளுக்கென்றே 1940இல் ஒரு பள்ளி தொடங்கினார். கட்டடம் இல்லை, ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து கட்டினார்கள். கிடைத்த பொருளைக் கொண்டு வகுப்பறை எழுப்பி, காய்கறி பயிரிட்டு, ஆடுமாடு வளர்த்து, நீச்சல் குளமும் தோண்டினார்கள். இயந்திரப் பயிற்சிக்கு ஒரு பழைய விமானத்தையும் ஹார்ட் வாங்கிவந்தார். சில ஆண்டுகளில், முன்பு கேலி செய்த ஊர்க்காரர்களே தம் பிள்ளைகளை அங்கே சேர்க்க விரும்பினார்கள். ஜெர்ரி ஸ்டான்லி 1992இல் சிறுவர்களுக்காக எழுதிய வரலாற்று நூலால்தான் இது பரவலாகத் தெரியவந்தது.

முகாமின் பொதுக்கூடம், நூலகம், அஞ்சலகம் ஆகிய மூன்று மரக்கட்டடங்கள் 1996இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறின. அதே வளாகத்தில் பருவகாலப் பண்ணைத் தொழிலாளர் குடியிருப்பு பின்னும் தொடர்ந்தது. வந்து தங்கியவர்கள் பெரும்பாலும் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள். கட்டடங்களோடு முகாமின் குரல்களும் எஞ்சியிருக்கின்றன. 1940, 1941இல் சார்ல்ஸ் டாடும் ராபர்ட் சாங்கினும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஆர்வின் உள்ளிட்ட முகாம்களுக்கு வந்தார்கள். அவர்கள் பதிந்தவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாட்டுப்பாடல்களைத் தேடித்தான் பலரும் அங்கே போகிறார்கள். அவற்றோடு முகாம் குழுக் கூட்டங்களும், முகாமுக்குள்ளேயே நடந்த வழக்கு விசாரணைகளும் பதிவாகியிருக்கின்றன. நாவல்களைப் படித்தவர்கள் முதலில் அவற்றைக் கேட்கலாம்.