திகில் தொகுப்புப் படங்கள்

தனித்தனிக் கதைகள் சில சேர்ந்து ஒரே முழுநீளப் படமாக அமைவது தொகுப்புத் திரைப்படம். இன்றைய பேச்சுவழக்கில் ஆந்தாலஜி. காதல், நகைச்சுவை, குற்றம் என்று பல வகைகளில் இதை முயன்றிருக்கிறார்கள். நன்றாக வேர் பிடித்தது திகிலில்தான். பேய் யார், ஏன் வந்தது, எப்படிப் போகும் என்று விளக்கத் தொடங்கியதுமே பாதிப் பயம் போய்விடுகிறது. முழுநீளப் பேய்ப் படம் எதுவும் இந்த விளக்கத்திலிருந்து எளிதில் தப்புவதில்லை. இருபது நிமிடக் கதைக்கு அந்தக் கடன் இல்லை. நாயகன் பிழைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கதவைத் திறந்ததும் கதையை முடித்துவிடலாம்.

ஆனால் இவையெல்லாம் சிறுகதையின் பலன்கள். நான்கு குறும்படங்களை ஒட்டிவைத்தாலும் கிடைத்துவிடும். தொகுப்பைப் படமாக்குவது தாய்க்கதை: கிளைக்கதைகளை யார், எங்கே, யாரிடம் சொல்கிறார்கள் என்ற கதை. கேட்டுக்கொண்டிருப்பவர் கடைசியில் கதைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்போதுதான் இந்த வகை தன் முழு பலத்தைக் காட்டுகிறது.

தொடக்கம் மௌனப்பட ஜெர்மனியில். ரிச்சர்ட் ஆஸ்வால்ட் 1919-இல் எடுத்த ‘உன்ஹைம்லிஹே கெஷிஹ்டன்’ படத்தில், இரவில் பழைய புத்தகக் கடையொன்றின் ஓவியங்களிலிருந்து மரணமும் சாத்தானும் ஒரு விலைமகளும் இறங்கிவந்து கதை படிக்கிறார்கள். அதே மூன்று நடிகர்கள்தாம் ஐந்து கதைகளிலும் வருகிறார்கள். பவுல் லெனியின் ‘வேக்ஸ்வர்க்ஸ்’ (1924) படத்தில் மெழுகுப் பொம்மைகளுக்குக் கதை எழுத ஒரு கவிஞனை அமர்த்துகிறார்கள். தான் எழுதவந்த கொலைகாரனே தன்னைத் துரத்துவதாக அவன் கனவு காண்கிறான். கதை சொல்பவனுக்கும் பாதுகாப்பு இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

இவ்வகையின் அளவுகோலாக இன்றும் நிற்பது பிரிட்டனின் ஈலிங் ஸ்டுடியோஸ் 1945-இல் வெளியிட்ட ‘டெட் ஆஃப் நைட்’. பிற்காலத்தில் நகைச்சுவைப் படங்களுக்காகப் பேர்பெற்ற நிறுவனம் அது. ஆல்பெர்ட்டோ கவால்கான்டி, சார்ல்ஸ் கிரிக்டன், பேசில் டியர்டன், ராபர்ட் ஹேமர் என நான்கு இயக்குநர்கள். வால்டர் கிரெய்க் என்ற கட்டடக் கலைஞர் வேலை விஷயமாக ஒரு கிராமத்து வீட்டுக்கு வருகிறார். அங்கிருக்கும் ஒருவரையும் முன்பின் பார்த்ததில்லை. ஆனால் எல்லாரையும் தன் கனவில் கண்டிருக்கிறார். அந்தக் கனவு நல்லபடியாக முடியவில்லை என்பதும் அவருக்கு நினைவிருக்கிறது. விருந்தினர் ஒவ்வொருவரும் தமக்கு நேர்ந்த விநோதத்தைச் சொல்ல, உடனிருக்கும் மனநல மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் அறிவியல் விளக்கம் தருகிறார். விளக்கங்கள் பொருத்தமானவைதாம். அவற்றால் யாருக்கும் நிம்மதி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து கதைகளில் பெரும்புகழ் பெற்றது கவால்கான்டி இயக்கிய கடைசிக் கதை. மைக்கேல் ரெட்கிரேவ் அதில் பொம்மையைப் பேசவைக்கும் மேடைக் கலைஞர். ஹ்யூகோ என்ற அந்தப் பொம்மை மெல்ல மெல்ல அவரையே ஆட்டிவைக்கிறது. பின்னாளில் திரையில் வந்த பேசும் பொம்மைகள் பலவற்றுக்கு ஹ்யூகோதான் மூத்த அண்ணன். ஹேமரின் கண்ணாடிக் கதையும் அதற்குச் சளைத்ததல்ல. கிரிக்டன் எடுத்த கோல்ஃப் ஆட்டக்காரர்களின் கதை வெறும் வேடிக்கை, எச்.ஜி. வெல்ஸின் சிறுகதையை ஒட்டியது. பலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் பொம்மைக் கதைக்குச் சற்று முன்னே பார்வையாளரைச் சிரிக்கவைத்து அசரவிடும் வேலையை அது ஒழுங்காகவே செய்கிறது.

கடைசியில் ஐந்து கதைகளின் இடங்களும் மனிதர்களும் ஒரே கெட்ட கனவில் கலந்து கிரெய்கைச் சூழ்கின்றன. அவர் விழித்தெழுகிறார், தொலைபேசி மணி அடிக்கிறது, அதே கிராமத்து வீட்டுக்குப் புறப்படுகிறார். தொடக்கமும் முடிவும் இல்லாத இந்த வட்டம் வானியலாளர் ஃபிரெட் ஹாயில், ஹெர்மன் போன்டி, தாமஸ் கோல்ட் ஆகியோருக்கு அண்டத்தின் மாறாநிலைக் கோட்பாட்டை யோசிக்கத் தூண்டுதலாக இருந்தது என்பார்கள். கோட்பாட்டை அவர்கள் 1948-இல் வெளியிட்டார்கள். பிற்காலச் சான்றுகள் அதைப் பொய்யாக்கிவிட்டன. படத்தின் வட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அமெரிக்காவில் முதலில் திரையிட்டபோது, நீளம் கருதி கோல்ஃப் கதையையும் கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் வெட்டினார்கள். வெட்டிய கதைகளின் தடயங்கள் இறுதிக் கனவில் அப்படியே நின்றன. கிளைகளைக் கழற்றினால் தாய்க்கதை நொண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவாவின் ‘பிளாக் சபாத்’ (1963) படத்துக்கும் இதே கதி நேர்ந்தது. அதன் அமெரிக்க விநியோகஸ்தர்கள் மூன்று கதைகளின் வரிசையை மாற்றினார்கள். பேயே இல்லாத தொலைபேசிக் கதையைப் பேய்க்கதையாக்கினார்கள். இத்தாலிய வடிவத்தின் கடைசிக் காட்சியில் போரிஸ் கார்லாஃப் குதிரையில் விரைந்துகொண்டிருப்பார். கேமரா பின்வாங்கினால் அது பொம்மைக் குதிரை, சுற்றிலும் மரக்கிளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் படப்பிடிப்பு ஆட்கள். இந்தக் குறும்பையும் நீக்கிவிட்டார்கள். பெர்மிங்ஹாமைச் சேர்ந்த ராக் இசைக்குழு ஒன்று படத்தின் ஆங்கிலப் பெயரைத் தனதாக்கிக்கொண்டது தனிக்கதை.

‘டெட் ஆஃப் நைட்’ படத்தின்மேல் தீராப் பற்றுக் கொண்டிருந்தவர் மில்டன் சுபோட்ஸ்கி. அமெரிக்கரான இவரும் மேக்ஸ் ரோசன்பெர்க்கும் இங்கிலாந்தில் நடத்திய ஆமிகஸ் நிறுவனம் 1965 முதல் 1974 வரை ஏழு திகில் தொகுப்புகளை வெளியிட்டது. முதலாவதான ‘டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்’ படத்தில், ரயில் பெட்டியொன்றில் ஐந்து பயணிகளுக்குப் பீட்டர் குஷிங் சீட்டுக்கட்டு வைத்து எதிர்காலம் சொல்கிறார். இறங்கும்போதுதான் தெரிகிறது, கேட்டவர்களுக்கு எதிர்காலமே இல்லை. இந்த முறைக்கு ஒரு வணிகக் கணக்கும் உண்டு. கதைகளைத் தனித்தனியாக எடுப்பதால் பெரிய நடிகர்களிடம் சில நாள் கால்ஷீட் வாங்கினால் போதும். சுவரொட்டியில் ஐந்தாறு நட்சத்திரப் பெயர்கள் வந்துவிடும்.

ஆமிகஸ் படங்களில் நீதி கறாரானது. அதன் ஊற்று, வில்லியம் கெய்ன்ஸ் வெளியிட்ட இ.சி. படக்கதை இதழ்கள். கெட்டவனுக்கு அவன் செய்த கேட்டின் வடிவிலேயே தண்டனை திரும்பிவரும் என்பது அவற்றின் இலக்கணம். சிறுவர்களைக் கெடுக்கின்றன என்று 1954-இல் அமெரிக்க செனட் துணைக்குழு விசாரித்ததும், பதிப்பாளர்கள் கூடித் தணிக்கை விதிகள் வகுத்ததும் சேர்ந்து இ.சி.யின் திகில் இதழ்களை முடித்துவைத்தன. அவற்றைத் திரைக்குக் கொண்டுவந்த ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ (1972) ஆமிகஸின் சிறந்த படங்களில் ஒன்று. பார்வையற்றோர் இல்லத்தில் தங்கியிருப்பவர்களைப் பட்டினி போட்டுத் தான் மட்டும் சுகமாக வாழும் கண்காணிப்பாளர், பிளேடுகள் பதித்த குறுகிய நடைவழியில் நடக்கவேண்டி வருகிறது. ரத்தம் அதிகமில்லை, பார்ப்பவர் உடம்புதான் கூசும். படக்கதைகளைப் படித்து வளர்ந்த ஜார்ஜ் ரொமேரோவும் ஸ்டீபன் கிங்கும் 1982-இல் ‘கிரீப்ஷோ’ எடுத்து அந்தக் கடனைத் தீர்த்தார்கள்.

ஜப்பானில் மசாகி கோபயாஷியின் ‘க்வைதான்’ முற்றிலும் வேறு ரகம். லாஃப்கேடியோ ஹெர்ன் திரட்டி எழுதிய கதைகளிலிருந்து நான்கு. மூன்று மணி நேரப் படம். 1965 கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருது பெற்றது. வானத்தைத் திரையில் தீட்டிவைத்து, அரங்கத்துக்குள்ளேயே பெரும்பகுதியை எடுத்தார்கள். பார்வையற்ற இசைக்கலைஞன் ஹோயிச்சியைப் பேய்களிடமிருந்து காக்க உடல் முழுதும் மந்திரம் எழுதுகிறார்கள், காதுகளை மறந்துவிடுகிறார்கள். இந்தப் படத்துக்குத் தாய்க்கதை இல்லை. கோபயாஷியின் நிதானமும் தொரு தாகெமித்சுவின் இசையும் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. மற்றவர்கள் பின்பற்றக்கூடிய வழியல்ல.

தாய்க்கதை உத்தி இந்தியாவுக்குப் புதிதல்ல. பிணத்தைத் தோளில் சுமக்கும் அரசனுக்கு வேதாளம் கதை சொல்வதும், விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும் என்று மிரட்டுவதும் 11-ஆம் நூற்றாண்டுக் கதாசரித்சாகரத்திலேயே உண்டு. அம்புலிமாமா வாசகர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்யஜித் ராய் தாகூரின் மூன்று கதைகளைப் படமாக்கிய ‘தீன் கன்யா’வில் (1961) ‘மணிஹாரா’ பேய்க்கதை. பாழடைந்த படித்துறையில், போர்வை போர்த்திய ஒருவரிடம் பள்ளி ஆசிரியர் அந்தக் கதையைச் சொல்கிறார். கேட்டவர் யார் என்பதுதான் முடிவு. வெளிநாட்டுக்குப் போன வடிவத்தில் இந்தப் பகுதியைத்தான் விட்டுவிட்டார்கள். ராம்கோபால் வர்மா தயாரிப்பில் பிரவால் ராமன் இயக்கிய ‘டர்னா மனா ஹை’ (2003), காட்டில் வண்டி பழுதாகி நிற்கும் நண்பர்கள் சொல்லும் ஆறு கதைகள்; கதை வளர வளர அவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். தமிழில் ஆறு இயக்குநர்கள் சேர்ந்து செய்த ‘6 அத்தியாயம்’ 2018-இல் வந்தது.

எண்ணிக்கையைக் கூட்டினால் ஈர்ப்புக் கூடிவிடாது. 26 ஆங்கில எழுத்துகளுக்கும் ஒரு சாவு வீதம் எடுத்த ‘தி ஏபிசிஸ் ஆஃப் டெத்’ (2012), சில நிமிடங்களுக்கு ஒருமுறை முதலிலிருந்து தொடங்கிப் பார்வையாளரைக் களைப்பாக்குகிறது. நெட்ஃபிளிக்ஸில் 2020-இல் வெளிவந்த ‘கோஸ்ட் ஸ்டோரீஸ்’, சோயா அக்தர், அனுராக் காஷ்யப், திபாகர் பானர்ஜி, கரண் ஜோஹர் ஆகிய நால்வரின் படங்களைத் தாய்க்கதை எதுவும் இல்லாமல் வரிசையாக நிறுத்துகிறது. மனிதரை மனிதர் தின்னும் சிற்றூருக்கு வந்து மாட்டிக்கொள்ளும் அரசு அதிகாரியைப் பற்றிய பானர்ஜியின் பகுதி தனித்து நிற்கத் தகுந்த அரசியல் திகில். தொகுப்பில் இருப்பதால் அதற்கு லாபம் ஏதுமில்லை.