கவிழ்வதும் நிமிர்வதும்: கம்பிவடப் பாதை வாளிகளின் தானியங்கிக் கொட்டுமுறை பற்றி ஒரு மறுவாசிப்பு

கம்பிவடப் பாதைகளில் தாது வாளிகள் ஆள் கை படாமல் தாமே கவிழ்ந்து கொட்டிய அமைப்பை, கொட்டுமிடத்து ஆளை நீக்கிய கண்டுபிடிப்பு என்றே இதுவரையிலான எழுத்துகள் பெரும்பாலும் விளக்கி வந்திருக்கின்றன. வாளியின் தாழைத் தட்டிவிடும் ஓர் இரும்புக்கோல், அதனால் மிச்சமான ஒரு கூலி என்ற அளவில் கதை முடிந்துவிடுகிறது. இந்த வாசிப்பு முழுத் தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அது பார்க்க வேண்டிய உறுப்பை விட்டுவிட்டுப் பக்கத்து உறுப்பைப் பார்க்கிறது என்பது என் வாதம். இந்தப் பொறியமைப்பின் உயிர் தாழில் இல்லை. வாளியைத் தாங்கும் இரண்டு அச்சுமுளைகளின் உயரத்தில் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் ஆள் நீங்கினார் என்ற முடிவையும் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

பிழை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். இந்தத் துறையில் பலரும் நம்பியிருக்கும் மூலம் காப்புரிமை ஆவணம். அதில் வரைபடம், விவரணை, உரிமைகோரல் என மூன்று பகுதிகள் உண்டு. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் உரிமைகோரலைப் படித்தே 'கண்டுபிடிப்பு எது' என்று தீர்மானிக்கிறார்கள். உரிமைகோரலோ புதியது என்று வழக்கு மன்றத்தில் நிறுவக்கூடியதை மட்டுமே பேசும். புது வடிவத் தாழுக்கு உரிமை கோரலாம். சரக்கேற்றிய தொட்டியின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு மேலும், காலித் தொட்டியின் ஈர்ப்பு மையம் அச்சுக்குக் கீழும் இருக்கும்படி முளையைப் பொருத்துவது சுரங்கத் தள்ளுவண்டிக்காரர்களுக்கு முன்பே தெரிந்த கைப்பழக்கம். அதற்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆகவே அது வரைபடத்தில் ஒரு சிறு வட்டமாகவும் விவரணையில் ஒரு துணைவாக்கியமாகவும் அடங்கிப்போகிறது. ஆவணம் எதை உரக்கச் சொல்கிறதோ அதையே பொறியின் மையம் என்று கொண்டதுதான் முந்தைய ஆய்வுமரபின் சறுக்கல்.

இப்போது வாளிக்கு வருவோம். கணக்குக்காக ஒரு மாதிரி வாளியை எடுத்துக்கொள்கிறேன். காலி எடை 150 கிலோ. நிறைந்தால் 350 கிலோ தாது கொள்ளும். தாதுவின் ஆழம் 60 செ.மீ.; பக்கங்கள் செங்குத்தானவை. காலி வாளியின் ஈர்ப்பு மையம் அச்சுமுளைக்கு 10 செ.மீ. கீழே இருக்கிறது. வாளியின் அடித்தளம் அச்சுக்கு 22 செ.மீ. கீழே என்றால், நிறைந்த தாதுவின் மையம் அச்சுக்கு 8 செ.மீ. மேலே அமையும். இரண்டையும் சேர்த்தால் நிறைவாளியின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு வெறும் 2.6 செ.மீ. மேலே நிற்கிறது. தாழ் விலகியதும் வாளி கவிழ்வது இந்த இரண்டரை செ.மீட்டரால்தான். கொட்டி முடித்ததும் மையம் அச்சுக்குக் கீழே இறங்கிவிடுவதால் வாளி தானே நிமிர்ந்துகொள்கிறது. இவ்வளவையும் பாடநூல்களும் சொல்கின்றன.

அவை நின்றுவிடும் இடத்திலிருந்து ஓரடி மேலே போகலாம். அதே வாளியைப் பாதி மட்டும் நிரப்பினால் என்ன ஆகும்? 175 கிலோ தாதுவின் மையம் அச்சுக்கு 7 செ.மீ. கீழே இருக்கும். மொத்த ஈர்ப்பு மையம் அச்சுக்கு 8 செ.மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கும். தாழைத் தட்டினாலும் வாளி கவிழாது; சரக்கோடு அப்படியே திரும்பிப் போகும். முக்கால் பங்கு நிரப்பினாலும் கவிழாது. கணக்கை முடிவுவரை கொண்டுபோனால் சுமார் பத்தில் ஒன்பது பங்கு நிறைந்த பிறகே இந்த வாளி கவிழச் சம்மதிக்கிறது.

அச்சை இன்னும் 5 செ.மீ. கீழே இறக்கிப் பொருத்தலாமே என்று கேட்கலாம். இறக்கலாம். அப்போது மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தாலே வாளி கவிழும். ஆனால் காலி வாளியை நிமிர்த்தும் விசை பாதியாகக் குறைந்துவிடும். முதல் அமைப்பில் வாளியின் விளிம்பில் ஏறத்தாழ 39 கிலோ ஈரக்களி ஒட்டினால்தான் அது நிமிராமல் நிற்கும். இரண்டாவது அமைப்பில் 17 கிலோ ஒட்டினாலே போதும். மழைக்காலத்துத் தாதுவைக் கையாண்டவர்களுக்கு 17 கிலோ களி என்பது பெரிய அளவாகத் தெரியாது. தலைகீழாகத் தொங்கியபடி திரும்பும் வாளி அடுத்த தூணில் மோதினால் பாதை முழுவதும் நிற்கும். ஆக, எளிதில் கவிழ வேண்டுமா, உறுதியாக நிமிர வேண்டுமா என்ற கேள்விக்கு விடையாகத்தான் அச்சுமுளையின் இடம் ஒவ்வொரு தளத்திலும், ஒவ்வொரு சரக்குக்கும் முடிவாகியிருக்க வேண்டும். அந்த முடிவைக் காட்டும் எண் உரிமைகோரலில் கிடைக்காது.

இதிலிருந்து என் இரண்டாவது வாதம் பிறக்கிறது. தானே கவிழும் வாளி ஒரே அளவில் நிறைக்கப்பட்டாக வேண்டும். கொட்டுமிடத்தில் தேவைப்படாமல் போன கவனம் ஏற்றுமிடத்தில் கட்டாயமாகிவிட்டது. அங்கே நிற்பவர் கை சற்றுத் தளர்ந்து வாளியைக் குறைவாக நிரப்பினால், பல கிலோமீட்டருக்கு அப்பால் அது கவிழாமல் திரும்பும். குற்றம் யாருடையது என்பதை அந்த வாளியே ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். அளந்து விடும் நிரப்புத் தொட்டிகளின் தேவையை நான் இந்தக் கண்ணில்தான் பார்க்கிறேன். கொட்டும் பொறியும் நிரப்பும் பொறியும் இரண்டு தனிக் கண்டுபிடிப்புகள் என்று பிரித்து எழுதுவது நூலக அட்டவணைக்கு வசதியாக இருக்கலாம். சுரங்கத்தில் அவை ஒன்றையொன்று கட்டாயப்படுத்தியவை.

மறுப்புகள் உண்டு. தட்டுக்கோலில் மோதும் வேகமே வாளியைப் பாதி கவிழ்த்துவிடும் என்பார்கள். வாளி வினாடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் வேகத்தில் வரும்போது அந்த உந்துதல் உதவும்தான்; ஆனால் அதை நம்பி அமைத்த வாளி ஒவ்வொரு சுற்றிலும் தன் முளையையே அடித்துத் தேய்க்கும். அடிக்கதவு திறக்கும் வாளிகள் இந்தச் சிக்கலுக்கு வெளியே இருப்பவை என்பது சரி. அவற்றின் கதவை மூட வேறொரு விசை வேண்டும். அது தனிக் கட்டுரைக்குரியது. மாதிரி வாளியின் அளவுகள் என் தேர்வு என்பதும் உண்மை. அளவுகளை மாற்றினால் எண்கள் மாறும். கவிழ்வதும் நிமிர்வதும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்கும் உறவு மாறாது.

வடத்தை வாளி எப்படிப் பற்றியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் கொட்டுமுறையைப் பேசுவதிலும் பயனில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1873இல் கிளே தெருவின் கேபிள் கார்ப் பாதையை அமைத்த ஆண்ட்ரூ ஹாலிடி, அதற்கு முன்பே சுரங்கங்களுக்கு முடிவற்ற வடப் பாதைகளை அமைத்தவர். அவர் முறையில் வாளி வடத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருக்கும்; நிலையத்திலும் அது நிற்காது. அங்கே தாழைத் தட்ட ஓர் ஆளும் ஒரு கழியும் போதும், ஆகவே கோல் பெரிய மிச்சம் எதையும் தந்துவிடவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இரும்பு வாளியைக் கையால் நிமிர்த்த எந்த ஆளாலும் முடியாது. தானே நிமிர்வது அந்த முறைக்கு ஒரு மேம்பாடு அல்ல, அது இல்லாவிட்டால் முறையே இல்லை. ஜெர்மனியில் அடோல்ஃப் ப்ளைகெர்ட் 1870களில் தொடங்கி வளர்த்த இருவட முறையோ வேறு. ஒரு வடம் தாங்கும், இன்னொன்று இழுக்கும். நிலையத்துக்கு வந்த வாளி இழுவடத்திலிருந்து கழன்று தண்டவாளத்தில் ஏறி நிற்கும். அங்கே பாதி நிரம்பிய வாளியையும் ஒருவர் கையால் கவிழ்த்து, சுரண்டி, நிமிர்த்தி அனுப்பலாம். இங்கே தானியங்கிக் கொட்டல் விருப்பத்துக்குரியது. ஒரே தாழ், ஒரே கோல். ஒரு முறையில் உயிர்நாடி, மற்றதில் வசதி. தாழின் வரலாற்றை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவில்லை.

சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸ் மலையிலுள்ள கட்டூம்பா இதற்கு நல்ல சோதனைக்களம். ஜான் பிரிட்டி நார்த்தின் நிலக்கரி, எண்ணெய்ப்பாறைச் சுரங்க நிறுவனம் 1880களின் இறுதியில் ப்ளைகெர்ட் முறைப்படி ஒரு கம்பிவடப் பாதையை ஜேமிசன் பள்ளத்தாக்கின் குறுக்கே, ருயின்ட் காசில் பக்கத்திலிருந்து செங்குத்துப் பாறையின் உச்சிவரை அமைத்தது. சில மாதங்களிலேயே அது நிலைகுலைந்து விழுந்தது. அதன் சிதைவுகள் இன்றும் பள்ளத்தாக்குக் காட்டுக்குள் கிடக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் இன்று ஏறும் செங்குத்து ரயில் அதே சுரங்கத்தின் சரிவுப் பாதை. இந்தக் கதை பொதுவாக வடம், தூண் என்ற கோணத்திலேயே சொல்லப்படுகிறது. என் கேள்விக்கு அதன் பயன் வேறு. ப்ளைகெர்ட் முறையில் மேல் நிலையத்தில் எப்படியும் ஆட்கள் வேண்டும். வாளியை வடத்தில் கோக்கவும் கழற்றவும் தள்ளவும் அவர்கள்தான். ஆகவே கட்டூம்பா போன்ற தளத்தில் தட்டுக்கோல் இருந்ததா இல்லையா என்பதைக் கொண்டு அந்தப் பாதை 'தானியங்கி நிலையை' எட்டியதா என்று தீர்ப்புச் சொல்வது பொருளற்றது. அப்படிச் செய்யும் காலவரிசைப் பட்டியல்களை நான் ஏற்கவில்லை.

ஆள் நிற்கவே முடியாத இடம் ஒன்று உண்டு. அங்கேதான் தானியங்கிக் கொட்டல் வேறெதாலும் ஈடுசெய்ய முடியாததாகிறது. தட்டைச் சமவெளியில் கம்பிவடப் பாதைக்கு என்ன வேலை என்று தோன்றும். ஐரோப்பாவின் சமவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் தந்த விடை, கழிவைக் குவித்துக் குன்றாக எழுப்புவது. குவியலுக்கு மேலே, இரு தூண்களுக்கு நடுவே, வடத்திலேயே தட்டுக்கோலைத் தொங்கவிட்டார்கள். குவியல் வளர வளர அதை நகர்த்தினார்கள். இங்கே புதிய சிக்கல் ஒன்று வருகிறது. தூண்களுக்கு இடையே 100 மீட்டர், வடத்தின் இழுவிசை 10 டன் என்று கொள்வோம். நம் மாதிரி வாளி நடுவழியில் தன் 350 கிலோவைக் கொட்டினால் வடம் ஏறக்குறைய 87 செ.மீ. மேலே எழும், திடீரென்று கொட்டினால் அதற்கும் மேலே துள்ளும். பக்கத்து வாளிகளின் சக்கரம் வடத்தைவிட்டு நழுவ அது போதும். எனவே இங்கே நல்ல வாளி என்பது மெல்லக் கவிழும் வாளி. மெல்லக் கவிழ வேண்டுமானால் நிறைவாளியின் ஈர்ப்பு மையம் அச்சுக்கு மிக அருகே இருக்க வேண்டும். மீண்டும் அச்சுமுளையிடமே வந்து சேர்கிறோம்.

தாழ் இல்லாமலேயே தானாகக் கொட்டும் வாளியைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். கமலை இறைவையில் சாலின் அடியில் தைத்த தோல்தும்பி, வடக்கயிற்றுக்கும் வால்கயிற்றுக்கும் உள்ள நீள வேறுபாட்டால் கிணற்றுக்குள் மடங்கி நிற்கும். மேலே வந்ததும் வால்கயிறு அதைத் தொட்டிப் பக்கம் இழுத்து நீட்ட, நீர் தானே கொட்டும். கிணற்றடியில் ஆள் இல்லை. மாட்டோடு சரிவில் இறங்கி ஏறுபவர் இருக்கிறார். கொட்டுவதை அங்கே தீர்மானிப்பது கயிறுகளின் வடிவக் கணக்கு. தானியங்கிக் கொட்டலை ஆலை யுகத்தின் தாழோடு மட்டும் கட்டிவைத்த வாசிப்பில் கமலைக்கு இடமே கிடைப்பதில்லை. இது வட்டாரப் பெருமைக்காகச் சொல்லும் முன்னுரிமைக் கோரிக்கை அல்ல. வகைப்பாட்டை எந்த உறுப்பின் மேல் கட்டுகிறோமோ அதற்கேற்ப எந்தெந்தப் பொறிகள் வரலாற்றுக்குள் வரும் என்பது மாறுகிறது என்பதற்கான சான்று.

1644இல் டான்ஸிக் நகரில் ஆடம் வீபே அரண் கட்ட மண் சுமக்க அமைத்த வடப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லெம் ஹோண்டியஸின் செப்புத்தட்டு ஓவியத்தைக் காட்டித் தானியங்கிக் கொட்டலை அந்த ஆண்டுக்கே கொண்டுபோக விரும்புவோர் இருக்கக்கூடும். ஓவியம் அசையாதது, வாளி எங்கே தொங்கியது என்பதை அது காட்டலாம், எப்படி நிமிர்ந்தது என்பதைக் காட்டாது. குதிரை இழுத்த மெதுவான வடத்தில் கூடைகளைக் கையாலேயே கவிழ்த்திருக்க முடியும் என்பதால் அந்த முடிவுக்கு அவசரப்படத் தேவையில்லை.

ஓவியத்தையும் உரிமைகோரலையும்விட நம்பகமான மூலம் எஞ்சியிருக்கும் வாளிகள்தான். உலகெங்கும் சுரங்க அருங்காட்சியகங்களிலும் பழைய நிலையங்களிலும் அவை தொங்குகின்றன. ஸ்வால்பார்டின் லாங்யர்பியனில் முழுத் தூண் வரிசைகளே நிற்கின்றன. கட்டூம்பாவின் சிதைவுகள் கிடக்கும் காடு தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை, கிடந்த இடத்திலேயே அளந்தால் போதும். அருங்காட்சியகப் பட்டியல்களில் இப்போது பதிவது வாளியின் கொள்ளளவும் செய்த நிறுவனத்தின் பெயரும். அவற்றோடு காலி எடை, அடித்தளத்திலிருந்து அச்சுமுளையின் உயரம், விளிம்பிலிருந்து அதன் ஆழம் என மூன்று அளவுகளைச் சேர்க்கும்படி இந்தத் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தராசும் அளவுநாடாவும் இருந்தால் இந்தக் கட்டுரையின் வாதத்தை யாரும் சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம்.